மார்ச் 11 முதல் 19 வரை

ஆய்வில் சேர்ந்திருந்த நாற்பத்தொரு பெண்களில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் ஜெசிந்தா.

“டாக்டரம்மா, இது எனக்கு எப்ப வந்துச்சு?”

டாக்டர் உமையாள் திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. “எது?”

“இந்த நோயிதான். அடிவயித்து வலி, காய்ச்சல், நாத்தமடிக்கிற வெள்ளை. எத்தன வருசமா இருக்குன்னு எல்லாரும் என்னையத்தான் கேக்குறீக. எந்த நாளு வந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறீக.”

2051 ஜூன் மாதம். வெள்ளிமுனைக் கடற்கரையில், கடற்பாசி வளர்க்கும் பாசிக் கம்பெனியின் பழைய ஐஸ் கிடங்கைத் தடுப்புப் போட்டுப் பிரித்து ஆய்வுக்கூடமாக்கியிருந்தார்கள். மூன்று மாதங்களாக ஒரு மருந்து நிறுவனம் அங்கே புது மருந்தொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தது. இடுப்புக்குழி அழற்சிக்கான மருந்து. கிருமி மேலேறிக் கருப்பையும் குழாய்களும் வீங்கிச் சீழ் கட்டுகிற நோய் அது. முற்றினால் குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும். பிறகு பிள்ளை உண்டாவது அரிது. நெஞ்சளவு நீரில் நின்று பாசிக் கயிறு கட்டும் வெள்ளிமுனைப் பெண்களில் பாதிப் பேருக்கு இது இருந்தது. தண்ணீரில் நிற்பதால்தான் வருகிறது என்று நம்பி, அதற்குத் ‘தண்ணி வலி’ என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஆறரை வருடம். பிள்ளையில்லை.

உமையாள் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தாள். “இப்ப இருக்கிற கிருமிக்குப் பழைய மாத்திரை எதுவும் கேக்கிறதில்லைன்னு சொன்னேன் இல்லையா? அதனால அந்தக் கிருமியைத் தேடிப்போய்த் தின்னுற வேற ஒரு நுண்ணுயிரை வளர்த்து ஊசியில தர்றோம். அது ரொம்ப நாக்கு ருசி பிடிச்சது. தனக்குன்னு உள்ள கிருமியைத் தவிர வேற எதையும் தொடாது. அதனால ஒங்க கிருமி எதுன்னு அச்சுப் பிசகாமத் தெரியணும். அதோட மரபணுவை எழுத்து எழுத்தா முழுசாப் படிக்கிறோம்.”

“சரி.”

“கிருமி பெருகப் பெருக அங்கங்க ஒரு எழுத்து மாறிக்கிட்டே வரும். எத்தனை எழுத்து மாறியிருக்குன்னு பாத்தா, ஒங்க உடம்புக்குள்ள அது என்னைக்கு நுழைஞ்சதுன்னு சொல்லிடலாம். நாள் சரியா வராது. ஒரு வாரம், பத்து நாள் முன்னப் பின்ன வரும்.”

“அப்ப தேதி இருக்கு.”

“இருக்கு. பூட்டியிருக்கு. ஒங்க பெருவிரல் ரேகைக்கு மட்டும்தான் திறக்கும். நீங்க கேட்டா நான் மறுக்கக் கூடாது, அது சட்டம். கேக்கலாம்னு நானாச் சொல்லவும் கூடாது, அது நிறுவனத்தோட ஒப்பந்தம்.”

“ஏன் சொல்லக் கூடாது?”

“போன ஆய்வுல, வேற ஊர்ல, ஒரு பொண்ணுகிட்ட நானே சொன்னேன். வீட்டுல போய்ப் புருஷன்கிட்டத் தேதியைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கா. மறுநாள் மண்டை உடைஞ்சு வந்தா. அதுக்கப்புறம் மருந்துக்கும் வரல. அதுல இருந்து எனக்கும் அந்த விதி சரின்னுதான் தோணுச்சு.”

“எனக்குத் தோணல,” என்று ஜெசிந்தா பெருவிரலை நீட்டினாள். “எங்க வைக்கணும்?”

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. 2045, மார்ச் 11 முதல் 19 வரை.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கல்யாணம் அந்த வருடம் ஜனவரியில். கணவன் அமல்தாஸ் பிப்ரவரியில் கொச்சிக்குப் போய்விட்டான், விசைப்படகு வேலைக்கு. தவக்காலம் முழுக்க ஊரில் இல்லை. பெரிய வியாழனுக்கு முதல்நாள்தான் வந்து இறங்கினான். அந்த வருடம் அது ஏப்ரலில் வந்தது.

இந்த ஆறு வருடமும் ஜெசிந்தா அவனைத்தான் சந்தேகப்பட்டிருந்தாள். வாய்விட்டு ஒரு நாளும் கேட்டதில்லை. கொச்சியிலிருந்து எதையோ கொண்டுவந்து தன் வயிற்றில் போட்டுவிட்டான் என்று மனசுக்குள் கசந்துகொண்டே சோறு போட்டிருந்தாள்.

“வீட்டுல இதைச் சொல்லணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல,” என்றாள் உமையாள். அமல்தாஸ் கொச்சியில் இருந்த மாதங்களைப் படிவத்தில் அவளும் படித்திருந்தாள்.

“நீங்களும் அப்பிடித்தான் நெனைக்கிறீகளா?”

“நான் எதுவும் நினைக்கல.”

“நெனைக்கலைன்னா எதுக்குச் சொல்ல வேணாங்கிறீக?”

உமையாள் திரையை அணைத்தாள்.

*

அமல்தாஸ் வாசலில் படகின் பேட்டரிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் அம்மா பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா இருவருக்கும் நடுவில் நின்று சொன்னாள்.

“எனக்கு இந்த நோயி வந்தது ஒங்களால இல்ல. தேதி பாத்துட்டேன். நீங்க கொச்சியில இருந்தப்ப வந்திருக்கு. இத்தன வருசமா ஒங்களத்தான் நான் சந்தேகப்பட்டேன். அது தப்பு. அதான் சொல்ல வந்தேன்.”

அமல்தாஸ் நிமிர்ந்தான். அவன் விரல்கள் மாதங்களை எண்ணுவது தெரிந்தது. “அப்ப யாரு?”

“யாருமில்ல.”

“யாருமில்லாம எப்பிடி வரும்?”

“தெரியல. ஆனா யாருமில்ல.”

பிலோமினா கத்தியைக் கீழே வைத்தாள். “நான் மொதல்லயே சொன்னேன்லடா. எவங்கிட்ட வாங்கியாந்தாளோன்னு. அவ வாயாலயே சொல்லிட்டா பாரு.”

“மாமி, நான் ஒங்ககிட்டப் பேசல. அவுககிட்டப் பேசுறேன்.” ஜெசிந்தா கணவனையே பார்த்தாள். “நீங்க சொல்லுங்க. நான் அப்பிடிப்பட்டவளா?”

அவன் பேட்டரிப் பெட்டியை மூடினான். மூடியின் நான்கு திருகுகளையும் ஒவ்வொன்றாக முறுக்கி முடித்தான். “எந்திரமே சொல்லுதுல்ல. எந்திரத்துக்கு என்ன, நம்ம மேல பகையா?” என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், “கொஞ்ச நாளைக்கு எங்கயாச்சும் போயிரு,” என்றான்.

அவளுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை. இரண்டு சேலைகளை எடுத்துக்கொண்டு ரிஹானா வீட்டுக்குப் போனாள். ரிஹானா நாற்பது வயதுக்காரி, ஜெசிந்தாவுக்கு ‘லாத்தா’, அக்கா முறை. கணவன் இறந்தபின் பாசிக் கம்பெனியில் சேர்ந்தவள். முதலில் கடலில் நின்றாள். இப்போது பாசிப் பொடி அடைக்கும் பகுதியில் பொட்டலம் கட்டுகிறாள். அவளும் ஆய்வில் இருந்தாள்.

“தேதியப் போய் ஏன் சொன்ன? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல,” என்றாள் ரிஹானா, தட்டில் இடியாப்பத்தை வைத்துக்கொண்டே.

“தப்புப் பண்ணுனவதான லாத்தா வாயை மூடணும். நான் எதுக்கு மூடணும்?”

“எந்திரம் தப்பாச் சொல்லிருக்கும்.”

“எந்திரம் சொன்னதும் நெசம், நான் சொல்றதும் நெசம். ரெண்டும் நெசமா இருக்கணும்னா எங்கயோ ஒண்ணு எனக்குத் தெரியாம இருக்கு.” அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். “லாத்தா, நாளைக்கி நீங்களும் வெரல வைங்க.”

“எனக்கு எதுக்கு? என் மாப்பிள்ள மௌத்தாகி எட்டு வருசம் ஆச்சு. அவராலதான் வந்திருக்கும்.”

“எனக்காக வைங்க.”

*

மறுநாள் காலை ரிஹானா விரலை வைத்தாள். 2045, மார்ச் 9 முதல் 16 வரை.

ரிஹானா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் இறந்தது 2043-இல்.

“யா அல்லா,” என்றாள் மெதுவாக. “நான் வீட்ட விட்டு வெளிய இறங்குனதே கம்பெனிக்குத்தான்.”

உமையாள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். அத்தனை மாதங்களில் அவள் இரண்டு தேதிகளைச் சேர்த்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பூட்டியிருந்தன. ஒருத்தியின் வெட்கம் ஒருத்திக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்றுதான் அந்தப் பூட்டைச் செய்திருந்தார்கள்.

ஜெசிந்தா பாசிக் கயிறு கட்டும் துறைக்குப் போனாள். ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொன்னாள். “திறக்குறதும் திறக்காததும் ஒன் இஷ்டம். திறந்தா ஆம்பள பேரோ பொம்பள பேரோ வராது, தேதி மட்டும்தான் வரும். எனக்கு வந்த தேதி இது.” தன் தேதியை அவள் எல்லாரிடமும் சொன்னாள். அதைக் கேட்டுச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆரோக்கியமேரி என்பவள் போய் விரலை வைத்தாள், பார்த்தாள், மூடச் சொன்னாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. ஐந்து பேர் கடைசிவரை திறக்க மாட்டோம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தைந்து பேர் திறந்து தேதியைச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது பேருக்கு வெவ்வேறு வருடங்கள். மீதி இருபத்தாறு பேருக்கும் 2045 மார்ச். உமையாள் அந்த இருபத்தாறு தேதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுவரில் எழுதினாள். எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டே நாட்கள்தான் நின்றன. பதினான்கு, பதினைந்து.

“பதினாலு, பதினஞ்சு அன்னைக்கு நீங்க எல்லாரும் எங்க இருந்தீங்க?” என்று கேட்டாள்.

பின் வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: “கேம்ப்பு. பதினாலுதான்.”

சொன்னதும் எல்லாருக்கும் நினைவு வந்தது. கடலுக்குள் மிதவைகளில் வேலை செய்யக் கம்பெனி முதன்முதலாக ஆளெடுத்த நாள். கர்ப்பமானால் தண்ணீரில் நிற்க முடியாது என்பதால், சேருகிற பெண்கள் எல்லாரும் கருப்பைக்குள் வளையம் வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டு வருடம் கழித்து எடுத்துவிடலாம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் திரைகட்டிக் கேம்ப் நடந்தது. காலை தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

“விதவைக்கு எதுக்கு வளையம்னு கேட்டேன்,” என்றாள் ரிஹானா. “எல்லாருக்கும் ஒரே விதின்னாக.”

“கருவியை ஒவ்வொரு தடவையும் கொதிக்க வெச்சாங்களா?”

“ஒரு தட்டுல ரெண்டோ மூணோ கெடந்துச்சு. தொடச்சித் தொடச்சி எடுத்தாக.”

உமையாள் இருபத்தாறு பேரின் கிருமிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தாள். மாலைக்குள் விடை கிடைத்தது. எல்லாம் ஒரே கிருமியின் பிள்ளைகள். அன்று வரிசையில் முதலில் நின்ற யாரோ ஒருத்திக்குத் தெரியாமலே இருந்த நோயை, ஒரு கருவி எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்திருந்தது.

கிடங்கில் சிலர் அழுதார்கள். ஒருத்தி சிரித்தாள். அவளை அவள் கணவன் இந்த நோயைச் சொல்லியே மூன்று வருடங்களுக்கு முன்பு விட்டுவிட்டுப் போயிருந்தான். ஜெசிந்தா அழவில்லை. சுவரில் இருந்த பதினான்கு என்ற எண்ணைப் போய்த் தொட்டுப் பார்த்தாள்.

*

திங்கட்கிழமை மருந்து நிறுவனத்திலிருந்து கிருபாகரன் வந்தார். ஆய்வுகளுக்குப் பொறுப்பான அதிகாரி. மென்மையாகப் பேசினார். பழைய கேம்ப்புக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை, நடந்தது வருத்தத்துக்குரியது, ஆனால் இந்தக் கொந்தளிப்பில் ஆய்வைத் தொடர்வது பாதுகாப்பாக இருக்காது, இன்னும் இரண்டு ஊசிகள் பாக்கியிருந்தாலும் இத்துடன் நிறுத்திக்கொள்வதே எல்லாருக்கும் நல்லது என்றார்.

“பாதியில நிறுத்தினா கிருமி திரும்ப வரும்,” என்றாள் உமையாள்.

“டாக்டர், தேதிகளைச் சுவத்துல எழுதினது நீங்க. அதைப் பத்தி நாம தனியாப் பேசுவோம்.”

ரிஹானா முன்னால் வந்தாள். ஊசி போட்ட பின் தூக்கியெறிகிற கண்ணாடிக் குப்பி ஒன்று அவள் கையில் இருந்தது. “ஐயா, நான் பொட்டலம் கட்டுறவ. ஒரு நாளைக்கு ஆயிரம் சீட்டுப் பாக்குறேன். இதுல மொத நாலு எண்ணு, செஞ்ச வருசமும் மாசமும். சரிதானே?”

கிருபாகரன் குப்பியை வாங்கவில்லை.

“நாலு ஏழு, ஒண்ணு ஒண்ணு,” என்று அவளே படித்தாள். “2047 நவம்பர்.”

ஜெசிந்தா அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு உமையாளிடம் திரும்பினாள். “டாக்டரம்மா, எங்க கிருமியப் படிச்சுப் பாத்துத்தான் இந்த மருந்தச் செய்ய முடியும்னீக. எங்ககிட்ட இந்த மார்ச்சுலதான மாதிரி எடுத்தீக. நாலு வருசத்துக்கு முன்னாடியே எப்பிடிச் செஞ்சாக?”

உமையாள் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குக் குப்பிகள் பெட்டியில் வரும். உள்ளே இருப்பது புதிது என்றே நம்பியிருந்தாள். “2047-ல ஒங்க யார்கிட்டயாவது மாதிரி எடுத்தாங்களா?”

“வளையம் எடுக்கப் போனப்ப,” என்றாள் ஜெசிந்தா. “பாசிக் கம்பெனி ஆஸ்பத்திரியில. எல்லாருக்கும் காய்ச்சலு. பஞ்சுல தொடச்சி எடுத்தாக. வலி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாக.”

அந்தப் பஞ்சுகள் மருந்து நிறுவனத்துக்குத்தான் போயிருக்கின்றன என்பது இப்போது எல்லாருக்கும் விளங்கியது. ஒரே கிருமி, இருபத்தாறு உடம்புகள், ஒரே ஊர். ஒரே மருந்தை வைத்து ஆய்வு நடத்த இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா, அப்ப இந்த மருந்தை மனுஷங்களுக்குக் குடுக்க அனுமதி இல்லை. அனுமதி வாங்கவே நாலு வருஷம் ஆச்சு. நாங்க என்ன பண்ண முடியும்?”

“மருந்துக்கு அனுமதி வேணும், சரி,” என்றாள் ஜெசிந்தா. “‘ஒனக்கு இந்த நோயி இருக்கு, இது ஒன் தப்பு இல்ல’ன்னு எங்ககிட்டச் சொல்றதுக்கு யாரு அனுமதி வேணும்?”

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“நீங்க ஆய்வ நிறுத்த முடியாது. நான் டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டேன். எங்க உடம்புல இருந்து எடுத்த விவரத்த எப்ப வேணும்னாலும் திரும்ப வாங்கிக்கிற உரிமை எங்களுக்கு இருக்கு. நாங்க வெரல வச்சா எல்லாம் அழிஞ்சிரும். இந்த இருபத்தாறு பேரு விவரம் இல்லாம ஒங்க மருந்த எவன் ஒத்துக்குவான்? அப்ப ஒங்க நாலு வருசமும் வீணாப் போயிரும்ல?”

“மிரட்டறீங்களா?”

“ஆமா.”

பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவள் கேட்டவை மூன்று. பாக்கி ஊசிகளை எல்லாருக்கும் போட வேண்டும், நோய் தொற்றியிருக்கக்கூடிய கணவன்மாருக்கும் மருந்து தர வேண்டும். ஆய்வறிக்கை வெளியாகும்போது நோய் எப்படி வந்தது என்பது அதன் முதல் பத்தியில் இருக்க வேண்டும், கேம்ப் நடந்த தேதியோடு. அந்த அறிக்கை தமிழிலும் வர வேண்டும். “எங்க மாமியாருக்கு வாசிச்சுக் காட்டணும்,” என்றாள்.

கிருபாகரன் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் புறப்பட்டார். மூன்றும் கிடைக்கும்வரை ஊசி வேண்டாம் என்று அன்று யாரும் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளும் இல்லை. பெண்கள் தினமும் கிடங்குக்கு வந்து, சட்டைக்கையைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் ஏறியது. உமையாள் தனியே கூப்பிட்டு, “ஒங்களுக்கு மட்டுமாவது போட்டுடறேன். யாருக்கும் தெரியாது,” என்றாள். ஜெசிந்தா வேண்டாம் என்று தலையசைத்தாள். அன்று மாலையே உமையாள் குப்பியின் படத்தையும் சுவரில் எழுதியிருந்த தேதிகளையும், மருத்துவ ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினாள். கீழே தன் பெயரையும் பதிவு எண்ணையும் போட்டாள். அந்த வேலை அவளுக்கு இனி இருக்காது என்று தெரிந்தே அனுப்பினாள்.

எட்டாம் நாள் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

*

அறிக்கை டிசம்பரில் வந்தது. மருந்து வேலை செய்தது. இருபத்தாறு பேரில் இருபத்துமூன்று பேருக்குக் கிருமி அடியோடு போய்விட்டது. கேம்ப் நடத்தியவர்கள்மீது வழக்குப் பதிவாகி, விசாரணை நடந்துகொண்டிருந்தது. உமையாளுக்கு வேலை போயிற்று. அவள் வெள்ளிமுனையிலேயே ஒரு வாடகை அறையில் வைத்தியம் பார்க்கவும், கிருமி மாதிரிகளை வெளியூருக்கு அனுப்பித் தேதி பார்த்துச் சொல்லவும் தொடங்கினாள். ஜெசிந்தா அங்கே அவளுக்கு உதவியாக இருந்தாள்.

ஜெசிந்தாவின் வலி நின்றுவிட்டது. ஆனால் தழும்பை மருந்து ஒன்றும் செய்யாது. இரண்டு குழாய்களும் அடைத்தே இருந்தன. அதை உமையாள் மறைக்காமல் சொன்னாள். ஜெசிந்தா அன்று மட்டும் வேலைக்கு வராமல், கடலோரம் நீளமாக நடந்துவிட்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, அமல்தாஸ் அந்த வைத்திய அறைக்கு வந்தான். அவனும் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். கையில் தமிழ் அறிக்கையின் முதல் பக்கம் நான்காக மடிந்திருந்தது.

“படிச்சேன்,” என்றான். “அம்மாவுக்கும் வாசிச்சேன். அவ அழுதுட்டா.”

“ம்.”

“ஒம் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு ஜெசி. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. கிளம்பு, வீட்டுக்குப் போவோம். புள்ள இல்லாட்டி என்ன? நான் ஒண்ணும் சொல்லல.”

அவன் மெலிந்திருந்தான். சட்டைக் காலர் கிழிந்திருந்ததை அவள் கவனித்தாள். அவன்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அது எங்கோ குறைந்து போயிருந்தது. இருந்தாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

“இந்தத் தாளு இல்லாட்டி வந்திருப்பீகளா?”

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். “தெரியல,” என்றான்.

“அன்னைக்கி வாசல்ல நின்னப்ப என் கையில எந்தத் தாளும் இல்ல. நான் மட்டும்தான் நின்னேன். அன்னைக்கி ‘இவ அப்பிடிப்பட்டவ இல்ல’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நோயோட செத்தாலும் அந்த வீட்டுலதான் செத்திருப்பேன்.” அவள் அவன் கையிலிருந்த தாளைக் காட்டினாள். “நீங்க இத நம்பித்தான வந்திருக்கீக. என்னைய நம்பி வரல.”

“ஜெசி…”

“சாப்பிட்டீகளா? உள்ள டீ இருக்கு, குடிச்சிட்டுப் போங்க.”

அவன் குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெளியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போனான்.

ஜெசிந்தா கதவை முழுக்கத் திறந்து வைத்தாள். பக்கத்து ஊரிலிருந்து ஆட்டோவில் ஐந்து பெண்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் ஒரு கேம்ப் நடந்திருந்ததாம். அவர்களில் வயதில் சின்னவள் முந்தானையை விரலில் சுற்றியபடி வாசலிலேயே தயங்கினாள்.

“அக்கா, எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம வந்திருக்கேன். தேதி பாத்தா அவருக்குச் சொல்லணுமா?”

“சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம்,” என்றாள் ஜெசிந்தா. “மொதல்ல நீ தெரிஞ்சுக்க. உள்ள வா.”